மூன்று எழுத்தில் ஒரு இடது கால்

பி, ஈ, ஒன்று. அப்புறம் ஸ்பேஸ் பார். அவ்வளவுதான். திரையில் ஒரு முழு உடல் பரிசோதனை வந்து உட்கார்ந்துகொள்ளும். கண் பாவைகள் இரண்டும் சமம், வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன. கழுத்தில் வீக்கம் இல்லை. நுரையீரல் தெளிவு. இதயத்துடிப்பு சீர், முணுமுணுப்புச் சத்தம் இல்லை. வயிறு மென்மை, தொட்டால் வலி இல்லை. கால்கள் இரண்டிலும் நீர்க்கோவை இல்லை, பாதங்கள் இரண்டிலும் நாடி நன்றாக இருக்கிறது. எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், ஒரு கமா பிசகாமல். ஏறக்குறைய 650 எழுத்து. நான் தட்டியது நான்கு.

2006ல் ஒரு ராத்திரி ஷிஃப்டில் இதைத் தட்டினேன். அந்த நோயாளிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சர்க்கரை நோய் முற்றி எடுத்துவிட்டார்கள். அதை நானே, அதே ரிப்போர்ட்டில், இரண்டு பத்திக்கு முன்னால் டைப் செய்திருந்தேன். டாக்டர் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே வந்து பரிசோதனைப் பகுதியில் ‘யூஸ் மை நார்மல்’ என்று சொல்லிவிட்டு மருந்துப் பட்டியலுக்குத் தாவிவிட்டார். என் விரல் அவர் குரலைவிட வேகமாகப் போய் பி-ஈ-ஒன்றைத் தட்டிவிட்டது. இல்லாத பாதத்தில் நாடி துடிக்க ஆரம்பித்தது.

ஃபைல் அப்லோட் ஆகி இருபது நிமிஷம் கழித்து, கேன்டீனில் டீயை வாயருகே கொண்டுபோகும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் க்யூ.ஏ. அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆடியோவைக் கேட்டார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். “டாக்டர் சொன்னதைத்தானே போட்டிருக்க? ஆடியோவோட ஒத்துப்போகுது. விடும்மா” என்றார். கெட்டவர் இல்லை அவர். அவர் கையிலிருந்த மதிப்பெண் தாளில் இதற்கான கட்டம் இல்லை, அவ்வளவுதான். அந்த மாதம் என் அக்யூரஸி 99.2 சதவீதம். கைதட்டினார்கள்.

இதை இத்தனை வருடம் கழித்து எழுத வைத்தது ஒரு காணொளி. வேகமாக வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தருகிற ஒரு தம்பி, சுருக்க விசைகளைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரே வாக்கியத்தை வாழ்க்கையில் இரண்டாவது முறை டைப் செய்கிறவன் முட்டாளாம். கீழே நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள். நான் அந்தத் தம்பிக்கு எதிராக எழுதுகிறேன். அவர் சொல்வது பொய் என்பதால் அல்ல. முக்கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியில்தான் என் நோயாளியின் கால் இருக்கிறது.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்றால் என்னவென்று இப்போது இருபது வயதிலிருப்பவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை ஃபோனிலோ ரெக்கார்டரிலோ பேசி வைப்பார். அவருக்குப் பகல் முடியும்போது நமக்கு விடியும் நேரம். அந்தக் குரல் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் வந்து, காதில் ஹெட்ஃபோனும் காலடியில் ஃபூட் பெடலுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு விலங்கியல் பட்டதாரியின் விரல் வழியாக எழுத்தாகித் திரும்பிப் போகும். பெடலை மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்த வேலைக்குப் பயிற்சி தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்கியது. தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாவும் ஒருத்தி.

எங்கள் தலைமுறைக்கு விரல் ஏற்கெனவே தயாராக இருந்தது. பத்தாவது லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடாத வீடு அன்றைக்குக் குறைவு. லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் நிமிஷத்துக்கு 45, 50 வார்த்தை சாதாரணமாக அடிப்போம். ஆனால் இங்கே அது போதாது. சம்பளம் வரிக்கணக்கில். வரி என்றால் திரையில் தெரியும் வரி இல்லை: இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. நாளைக்கு 600 வரி இலக்கு. அப்போதுதான் சீனியர் அக்கா ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: “முழுசா அடிக்காதடீ. சேர்த்து வை.”

சேர்த்து வைப்பது ஒரு கலை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வேர்டின் ஆட்டோகரெக்டில் ஆரம்பிப்போம். சாதா எழுத்தாக வைத்தால் 255 எழுத்துக்கு மேல் அது தாங்காது. அப்புறம் இதற்கென்றே இருந்த மென்பொருள்கள்: இன்ஸ்டன்ட் டெக்ஸ்ட், ஷார்ட்ஹேண்ட், பிறகு ஆட்டோஹாட்கீ. எந்த எழுத்துச் சேர்க்கை ஆங்கிலத்தில் சொல்லாக இல்லையோ அதைத்தான் சுருக்கமாக வைக்க வேண்டும். எங்கள் பேட்சில் ஒரு பையன் அயோர்டிக் ஸ்டெனோசிஸுக்கு ‘ஏ-எஸ்’ என்று வைத்துவிட்டான். ‘ஆஸ்’ என்கிற சாதாரணச் சொல் வந்த இடமெல்லாம் அன்றைக்கு எல்லோருக்கும் இதய வால்வு சுருங்கிப்போனது. மூன்று வருடத்தில் என்னிடம் நாலாயிரத்துக்கு மேல் சுருக்கங்கள் சேர்ந்தன. எந்த டாக்டர் ‘டினைஸ்’ என்பார், எவர் ‘நோ ஹிஸ்டரி ஆஃப்’ என்பார், கேரளத்து டாக்டர் எங்கே விழுங்குவார், டெக்சாஸ்காரர் எங்கே இழுப்பார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் இருந்தது. அகராதி தொகுக்கிறவர்கள் செய்கிற வேலைதான் இது. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சுருக்கி எழுதுவது ஒன்றும் புதிதில்லை. பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ என்றொரு குறி உண்டு. அதை ‘ஷை’ என்று வாசித்து வாசித்து ஷையார் என்று ஒரு ஆளையே உண்டாக்கிவிட்டார்கள் பத்திர எழுத்தர்கள். 1837ல் பிட்மன் தன் முறையை வெளியிட்டார். தந்திக்காரர்களுக்காக 1879ல் வந்த ஃபிலிப்ஸ் குறியீட்டிலிருந்துதான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை இன்றும் ‘ஸ்கோட்டஸ்’ என்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ரோமாபுரியில் டைரோ. சிசரோவின் பேச்சுகளை எழுதிக்கொள்ள ஒரு குறிமுறையை உண்டாக்கியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் சிசரோவின் அடிமை, கி.மு. 53ல்தான் விடுதலை. வேகமாக எழுத வேண்டிய தேவை எப்போதும் பேசுகிறவனுக்கு இருந்ததில்லை, எழுதுகிறவனுக்குத்தான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

காணொளித் தம்பிக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சுருக்கத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சொல்லைச் சுருக்குவது. எச்-டி-என் தட்டினால் ஹைப்பர்டென்ஷன். இது என் விரலின் விவகாரம். டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார், நான் கேட்டேன், விரல் குறுக்கு வழியில் போனது. இந்த வகை நோயாளியைக் காப்பாற்றவும் செய்யும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004ல் ‘பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டது. யூனிட் என்பதற்கு வெறும் ‘யூ’ எழுதக் கூடாது. கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி தெரியும், 8 யூனிட் 80 ஆகும். தினமும் என்பதற்கு ‘க்யூ-டி’ கூடாது. புள்ளிக்குப் பின்னால் வெறும் பூஜ்யம் கூடாது. டாக்டர்கள் பழக்கத்தில் சுருக்கியே பேசுவார்கள். நாங்கள் க்யூ-டி என்று தட்டுவோம், திரையில் ‘டெய்லி’ என்று முழுசாக வரும். தடை செய்யப்பட்ட சுருக்கத்தை ஆபத்தில்லாத சொல்லாக மாற்றிக் கொடுத்தது இந்த விரல்கள்தான்.

இரண்டாவது ஜாதி, முடிவைச் சுருக்குவது. பி-ஈ-ஒன்று அந்த ஜாதி. அது டாக்டர் சொன்ன எதையும் சுருக்கவில்லை. சொல்லாத பதினைந்து விஷயங்களை அவர் பெயரில் சொல்கிறது. கண்ணைப் பார்த்தாரா? தெரியாது. வயிற்றைத் தொட்டாரா? தெரியாது. நார்மல் என்று ஒரு சொல். அதற்குள் ஒரு முழு மனித உடம்பு, யாருடையதும் அல்லாத உடம்பு, எப்போதும் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு உடம்பு. அந்த உடம்பைத்தான் நான் ராத்திரிக்கு முப்பது தடவை முப்பது பேர் மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டையும் ‘வேகம்’ என்கிற ஒரே மூட்டையில் கட்டியதுதான் மோசடி என்கிறேன்.

தவறின் முகமே மாறிப்போய்விடுகிறது இதில். முழுதாக டைப் செய்யும்போது பிசகினால் சொல் உடையும், கீழே சிவப்புக் கோடு விழும், கண்ணை உறுத்தும். சுருக்கத்தில் வரும் தவறு உடைந்து வராது. இஸ்திரி போட்ட சட்டையோடு வரும். ரத்த அழுத்தம் அதிகம் என்பதற்கு எச்-டி-என், குறைவு என்பதற்கு எச்-ஓ-டி-என் என்று வைத்திருந்தேன். ஒரே ஒரு ‘ஓ’ விடுபட்டால் மயங்கி விழுந்த பாட்டிக்கு உயர் ரத்த அழுத்தம். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. சரிபார்க்கிற கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

“ஜாக்கிரதையா இருந்தா போச்சு” என்பார்கள். பொறுப்பை விரலின் மேல் போடுகிற பேச்சு இது. வரிக்கு எழுபது பைசா என்று ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பி-ஈ-ஒன்று எனக்குப் பத்து வரி: நான்கு தட்டில் ஏழு ரூபாய். நிறுத்தி, ஆடியோவைப் பின்னால் ஓட்டி, ‘இடது கால் இல்லை என்று சொல்லிவிட்டு இங்கே இரண்டு பாதமும் வருகிறதே, டாக்டர் கவனிக்கவும்’ என்று ஒரு குறிப்பு வைத்து அனுப்பினால் இரண்டு நிமிஷம் போகும். அந்தக் குறிப்புக்கு ஒரு பைசா கிடையாது. தவிர, குறிப்பு வைத்த ரிப்போர்ட் நேரே டாக்டருக்குப் போகாமல் தனி வரிசையில் தேங்கும், அது உன் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. பொய்க்கு ஏழு ரூபாய், சந்தேகத்துக்கு அபராதம். இப்படி ஒரு தராசை வைத்துவிட்டு ஜாக்கிரதையைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள் எங்களுக்கு.

அந்த மிச்சமான நேரம் யாருக்குப் போனது? எனக்குத் தெரிந்து வீட்டுக்குச் சீக்கிரம் போனவர் யாருமில்லை. எல்லோரும் சுருக்கத்துக்கு மாறியதும் 600 வரி இலக்கு 900 ஆனது. பிறகு வரி விலை குறைந்தது. ‘நார்மல்’ பகுதிக்குப் பாதி விலைதான், அதை நீங்கள் டைப் செய்யவில்லையே என்று வாடிக்கையாளர் சொல்வதாகச் சொன்னார்கள். 2007ல் அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சங்கங்கள் கூடி, இடைவெளியை எண்ணக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு எழுத்தை மட்டும் எண்ண வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். வெளிப்படையான கணக்கு வேண்டுமாம். எண்ணுகிற முறையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதைப் பற்றி அப்படியொரு கூட்டம் எங்கள் காதுக்கு எட்டவில்லை.

நான் வேலையை விட்ட அன்று என் சுருக்கப் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கம்பெனி சொத்து என்றார்கள். நோயாளி தகவல் எதுவும் அதில் கிடையாது, வெறும் ஆங்கிலச் சொற்றொடர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பாதுகாப்பு விதி என்றார்கள். அடுத்த வாரம் சேர்ந்த பேட்சுக்கு அதைப் பிரதி எடுத்துக் கொடுத்ததாகத் தோழி சொன்னாள். பி-ஈ-ஒன்றும் சேர்த்துத்தான்.

ஒப்பந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதற்கு 2003ல் நடந்ததைச் சொன்னால் போதும். சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பெரிய மருத்துவமனையின் குரல் கோப்புகள் கலிஃபோர்னியா நிறுவனம் ஒன்றிலிருந்து ஃப்ளோரிடாவுக்கும், அங்கிருந்து டெக்சாஸுக்கும், கடைசியில் கராச்சியில் ஒரு பெண்ணுக்கும் போய்க்கொண்டிருந்தன. அவருக்குக் கூலி வரவில்லை. நோயாளிகளின் விவரங்களை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று மருத்துவமனைக்கே மின்னஞ்சல் அனுப்பினார். பயங்கரம்தான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வி எல்லாம் அந்நிய நாட்டுப் பெண்ணை நம்பலாமா என்பது. நான்கு கை மாறி வரும்போது ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

அலபாமா வழக்கும் அப்படித்தான். 2008ல் அங்கே நீரிழிவு நோயாளி ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரி இந்தியாவில் டைப் ஆனது. டாக்டர் சொன்னது லெவமிர் இன்சுலின் 8 யூனிட். தாளில் 80. அதைப் பார்த்து ஊசி போட்டார்கள், அவர் இறந்துபோனார். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு என்றது. சுருக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துக் குழப்பமும் அல்ல, அது குரலிலிருந்து வந்தது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் பழைய குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் 80 எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்திருப்பாள். நான் தேடினேன்.

‘இந்தியர்களுக்கு இங்கிலீஷ் வராது’ என்று முடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு செய்தி. 2009ல் அமெரிக்க அரசு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறச் சொல்லி ஊக்கத்தொகை கொடுத்தது. டாக்டர்கள் தாங்களே கணினி முன் உட்கார்ந்தார்கள். நம்மிடமிருந்து பிடுங்கிய வேலை அவர்கள் மடியில் விழுந்தது. என்ன செய்தார்கள்? ஒரு புள்ளி, இரண்டு எழுத்து. முழுப் பரிசோதனை. அதே பி-ஈ-ஒன்று. 2017ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஒரு ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவில் 23,630 குறிப்புகளை எடுத்து எழுத்து எழுத்தாக மூலம் பார்த்தது. கையால் டைப் செய்தது 18 சதவீதம். 46 சதவீதம் முந்தைய குறிப்பிலிருந்து ஒட்டியது. மீதி 36 சதவீதம் தானாக இறக்குமதி ஆனது. ௸, ௸, ௸. பத்து வருடம் மருத்துவம் படித்தவர்களும் நேரமில்லாவிட்டால் இதைத்தான் செய்வார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடும் என்கிறார்கள். 2024ல் வெளியான ஒரு ஆய்வில், விஸ்பர் என்கிற கருவி நூறு ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய ஒன்றில் யாருமே பேசாத வாக்கியங்களை எழுதியிருந்தது. நல்ல, சரளமான வாக்கியங்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்கும் மௌனம் பிடிக்கவில்லை, வெற்றிடத்தை நிரப்புகிறது. நாங்கள் கேட்காத இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விடுவோம், பிளாங்க் என்போம். ஒரு ரிப்போர்ட்டில் மூன்று பிளாங்குக்கு மேல் போனால் திட்டு விழும். ஆனாலும் அந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் உருப்படியான விஷயம் அந்தக் கோடுதான்: எனக்கு இது கேட்கவில்லை என்று ஒரு ஆள் எழுதி வைப்பது.

போன மாதம் சித்தி மகள் ஃபோன் செய்தாள். கோயம்புத்தூரில் விர்ச்சுவல் ஸ்க்ரைப் வேலை. டாக்டர் நோயாளியோடு பேசுவதை நேரலையில் கேட்டுக் குறிப்பு எழுத வேண்டும். சேர்ந்து மூன்று மாதம், வேகம் போதவில்லை என்கிறார்களாம். “அக்கா, நீ அந்தக் காலத்துல நாலாயிரம் ஷார்ட்கட் வச்சிருந்தியாமே, அம்மா சொன்னாங்க. எனக்குக் குடேன்.”

சொல்லுக்கான சுருக்கம் எல்லாம் சொல்லித்தந்தேன். மருந்துப் பெயர்களுக்கு மட்டும் சுருக்கமே வைக்காதே, எழுத்து எழுத்தாக அடி என்றேன். எதிரெதிர் அர்த்தம் வருகிற இரண்டு சொல்லுக்கு ஒரே எழுத்தில் தொடங்குகிற சுருக்கம் வைக்காதே என்றேன். எல்லாம் குறித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “நார்மல் எக்ஸாம்க்கு?”

“அதுக்குத் தலைப்பு மட்டும் வை. கண், நுரையீரல், வயிறு, கால். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல மூணு நட்சத்திரக் குறி போட்டு விட்டுடு. டாக்டர் வாயைத் திறந்து சொன்னா நிரப்பு. சொல்லலன்னா அப்படியே இருக்கட்டும்.”

“நட்சத்திரம் இருந்தா நோட் சைன் ஆகாதேக்கா.”

“ஆகாதில்ல, அதான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “டீம் லீட் கிட்ட என்னன்னு சொல்றது?” என்றாள்.